ஆறுதலாக வாறன்

இப்போதெல்லாம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகிறேன். முந்தி பத்து நிமிடம், இப்போது முக்கால் மணி. வேலியோரம் நின்று நாலு பேரோடு கதைக்க முடிகிறது.

நாற்பது வருடம் பஸ்ஸுக்கும் கந்தோர் வேலைக்கும் ஓடினேன். ஒருநாளாவது இருந்து தேத்தண்ணி குடித்ததில்லை. இப்போது விடிய முற்றத்து வேப்பமரத்தடியில், உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டு. ஒரு கடி, ஒரு மிடறு. அது நாக்கில் கரைய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று இந்த வயதில்தான் தெரிந்தது. என்ன ஒரு ருசி!

பின்வளவில் பனம்பாத்தி போட்டிருக்கிறேன். கிழங்கு வர மூன்று, நாலு மாதம் ஆகும். ஆகட்டும்.

"போன் எடுக்க ஏனப்பா இவ்வளவு நேரம்?" என்று கனடாவிலிருந்து மகள் கேட்கிறாள். வாறன் பிள்ளை, ஆறுதலாக நடந்து வாறன். தைப்பொங்கலுக்கு வா, கிழங்கு அவித்துத் தருகிறேன்.