மாவட்டம் மூன்றானபோது

2019 நவம்பரில் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. எங்கள் காய்ச்சல் பதிவு மென்பொருளுக்கு அது தெரியாது. அரக்கோணத்துக் காய்ச்சலும் ஆம்பூர் டெங்குவும் வேலூர்க் கணக்கிலேயே விழுந்துகொண்டிருந்தன. செய்து கொடுத்தவர்களைக் கேட்டால், "மாத்தலாம் சார், தனி கொட்டேஷன் போடணும்" என்றார்கள். சரி, எங்கள் தகவலையாவது மொத்தமாக எடுத்துக் கொடுங்கள் என்றோம். அதற்கும் கொட்டேஷன்தான்.

1980களில் இதே வட ஆற்காட்டில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் முன்னின்று 'நதி' என்றொரு நோய்க் கண்காணிப்பு நடந்தது. மருத்துவர்கள் தாங்கள் பார்த்த நோயை போஸ்ட் கார்டில் எழுதிப் போடுவார்கள். கார்டை யாரும் படிக்கலாம். நாங்களோ எங்கள் கணக்கையே படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

அதனால்தான் திறமூலம், அதாவது யாரும் இலவசமாக எடுத்து, நிரலைத் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "இலவசம்னா கெட்டுப்போனா யாருப்பா பொறுப்பு?" என்று மூத்த அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. அன்று மழுப்பினேன்.

ஓஸ்லோ பல்கலைக்கழகம் உருவாக்கிய டிஎச்ஐஎஸ்2 என்ற திறமூல சுகாதாரத் தகவல் மென்பொருளை ஒரு பழைய கணினியில் ஏற்றிப் பார்த்தோம். அதில் மாவட்டம், வட்டாரம், சுகாதார நிலையம் எல்லாம் மரத்தின் கிளைகள் மாதிரி. அரக்கோணத்தைப் பிடித்து ராணிப்பேட்டைக்குக் கீழே வைத்தேன். ஒரு மதியத்தில் வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து 2018 கணக்கைப் பார்த்தால் பகீரென்றது. கிளையை நகர்த்தினால் பழைய எண்ணிக்கையும் கூடவே போய்விடுகிறது. ஏற்கெனவே அச்சிட்டு அனுப்பிய வேலூர் அறிக்கையும் திரையும் ஒத்துப்போகவில்லை. அப்புறம் பிரிவினைக்கு முந்தைய நிலையங்களை எல்லாம் 'பழைய வேலூர்' என்று ஒரு குழுவாகக் கட்டி, அந்த ஆண்டுகளை அதில் பார்த்தோம். இந்த வழியை நாங்களே கண்டுபிடித்தோம், யாருக்கும் காசு கொடுக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

பீஞ்சமந்தை மலையில் சிக்னல் கிடைக்காது. கிராம சுகாதார செவிலியர் அக்கா போனில் உள்ள டிஎச்ஐஎஸ்2 செயலியிலேயே பதிந்துவைத்து, கீழே இறங்கியதும் அனுப்பிவிடுவார். செயலியில் அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

நான் கணக்கில் விட்டது ஆளை. சர்வருக்குப் பணம் கேட்டேன், பார்த்துக்கொள்ள ஒரு சம்பளம் கேட்கவில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்ள நாங்கள் பழக்கிவிட்ட தம்பி அடுத்த வருஷமே சென்னைக்கு வேலை கிடைத்துப் போய்விட்டான். அதிகாரி கேட்ட கேள்வி அன்றுதான் உறைத்தது. போகுமுன் பேக்கப் எடுப்பதைப் படிப்படியாக ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதிவைத்திருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருந்தாளுநர் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து பேக்கப் எடுக்கிறார்.