பார்க்காமல் பூக்கட்டும் விரல்கள்

கையில் வெட்டுப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் “நரம்பு அறுந்துவிட்டது” என்றுதான் சொல்வார்கள். பிசியோதெரபிஸ்டான நான் கைக்காயங்களைக் கவனிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, இந்தச் சொல்லைப் பிரித்து விளக்குவதே என் முதல் வேலையாக இருக்கிறது. நம் ஊரில் தோலுக்கடியில் கயிறுபோலத் தெரிவதெல்லாம் நரம்புதான். உண்மையில் விரலை இழுத்து மடக்குவது தசைநாண். தொடுவதை உணர்த்துவது நரம்பு.

இதைக் காட்ட ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு கையின் முன்கையை மறு கையால் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டச் சொல்வேன். முழங்கைக்குச் சற்றுக் கீழே சதை புரளுவது தெரியும். விரல்களுக்குள் தசையே கிடையாது. இறுக்கிப் பிடிக்கும் பலத்தின் பெரும்பகுதி முன்கையில் பிறந்து, தசைநாண்கள் வழியாக மணிக்கட்டைக் கடந்து விரலுக்கு வருகிறது. மணிக்கட்டின் 8 சிறு எலும்புகள் அமைத்த குடைவுக்குள் 9 தசைநாண்களும் ஒரு பெரிய நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன.

மதுரையில் பூக்கட்டிப் பிழைக்கும் ஒரு அக்கா என்னிடம் வந்தபோது, அவருடைய இடது ஆள்காட்டி விரலின் அடியில் தையல் போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. பரங்கிக்காய் நறுக்கும்போது அரிவாள்மனை இறங்கிவிட்டது. “நரம்பு போய்விட்டது, தம்பி” என்றார். அவர் சொன்னது ஒருவகையில் சரி: தசைநாண்கள் இரண்டோடு, விரலின் ஒரு பக்கத்து நரம்பும் அறுந்திருந்தது.

விரலின் அந்தப் பகுதி பொல்லாதது. மேலே உள்ள தசைநாண் கவட்டைபோல இரண்டாகப் பிரிய, அடியிலுள்ளது அந்த இடைவெளியில் புகுந்து விரல்நுனிக்குப் போகிறது. இரண்டும் பாவாடை நாடாபோல ஒரு குறுகிய உறைக்குள் ஓடியாக வேண்டும். தைத்த இடம் உறையோடு ஒட்டிக்கொண்டால் விரல் மடங்காது. அதனாலேயே அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் இதை ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்றார். அங்கே உடனே தைக்க வேண்டாம் என்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவின் லூயிவில் நகரின் அறுவை மருத்துவர் ஹரால்ட் கிளைனர்ட் குழுவினர் 1967-இல் தங்கள் முடிவுகளை முன்வைத்த பிறகுதான் அந்தத் தயக்கம் மெல்ல உடைந்தது. உடனே தைத்து, சில நாட்களிலேயே அளவாக அசைக்கத் தொடங்குவது இன்றைய முறை. அசைக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும், மிஞ்சினால் அறுந்துவிடும். முதல் மூன்று வாரம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு.

இதில் நான் செய்த பிழை ஒன்று இன்றும் உறுத்துகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு இளைஞரிடம் “கனமான எதையும் தூக்காதீர்கள்” என்று சொல்லி அனுப்பினேன். மூட்டை, குடம் எதையும் அவர் தொடவில்லை. மூன்றாவது வாரம் பைக்கை ஸ்டாண்டில் ஏற்றினார்; தையல் விட்டுப்போனது. அது அவருக்குத் தூக்குவதாகவே படவில்லை. அவருடைய ஒரு நாளில் கை என்னென்ன செய்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அதனால் அந்த அக்காவிடம் காலையிலிருந்து இரவுவரை ஒவ்வொன்றாகக் கேட்டேன். துணி பிழிவது, மாவு பிசைவது, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது. பூக்கட்டுவதைச் செய்துகாட்டச் சொன்னேன். கட்டுப் போட்ட இடது கையை அப்படியே வைத்துக்கொண்டு, வலது கையால் காற்றில் நார் சுற்றினார். பூக்களின் காம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும்தான்.

எட்டாவது வாரம் ஊறவைத்த வாழைநாரும் ஒரு பொட்டலம் மல்லிகை மொட்டும் கொண்டுவந்தார். விரல் ஓரளவு மடங்கியது. கோணமானியில் அளந்த எண்ணைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி. அவருக்கு இல்லை. குனிந்து, ஒவ்வொரு காம்பையும் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தார். நான்கு கண்ணி கட்டுவதற்குள் இரண்டு மொட்டு நழுவி விழுந்தன. “பார்த்துக் கட்டினால் முழம் எப்போது சேரும்?” என்றார்.

அவருக்குத் திரும்ப வேண்டியது தொடு உணர்வு. தைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். விரலின் அடியிலிருந்து நுனிக்குப் போய்ச்சேர மாதக்கணக்கில் ஆகும். கண்ணை மூடிக்கொண்டு அரிசியையும் உளுந்தையும் தடவிப் பிரிக்கச் சொன்னேன். பஞ்சு, நார், துணி என்று தொட்டுப் பெயர் சொல்லப் பழக்கினோம். வாரம் தவறாமல் வந்தார்.

ஐந்தாவது மாதம் ஒரு மாலை, காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, மாவுக்கட்டோடு இருந்த ஒரு சிறுமியின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மடியில் கை தன்பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தது. அரை முழத்துக்கு மேல் சேர்ந்திருந்தது.