பிளேடின் கோணமும் நியூரான்களின் அடக்கமும்

மூளைத் துண்டில் மின்பதிவு எடுப்பவர்கள் ஆம்ப்ளிஃபயருக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட பிளேடின் கோணத்துக்குக் காட்டுவதில்லை. ஆனால் துண்டில் உள்ள நியூரான்கள் அடங்கி நடக்குமா, ஒட்டுமொத்தமாக வெடிக்குமா என்பது பெரும்பாலும் மூளையை மெல்லிய துண்டுகளாக வெட்டும் கருவியான வைப்ரடோமிலேயே முடிவாகிவிடுகிறது.

நினைவோடு தொடர்புடைய மூளைப்பகுதியான ஹிப்போகேம்பஸில் டென்டேட் கைரஸ், சிஏ3, சிஏ1 என்ற பகுதிகள் வழியே சிக்னல் போகும் தொடர் அதன் நீள அச்சுக்கு ஏறத்தாழக் குறுக்காக ஓடுகிறது. குறுக்காக வெட்டினால் சிஏ3-இலிருந்து சிஏ1-க்குப் போகும் ஷாஃபர் இழைகள் தப்பும். கோணம் சாய்ந்தால் பல இழைகள் பாதியில் அறுந்துவிடும். தூண்டலை எவ்வளவு கூட்டினாலும் சிஏ1-இல் சிக்னல் சிறுத்தே வரும். அப்போது எல்லோரும் துண்டை உயிரோடு வைத்திருக்கும் கரைசலைத்தான் சந்தேகிப்பார்கள்.

அறுபடுவதில் அதிகம் கவலை தருபவை மற்ற நியூரான்களை அடக்கும் தடுப்பு நியூரான்கள். சிஏ1-இல் அவை ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான், ஆனால் கடிவாளம் அவற்றின் கையில். இவற்றில் ஒரு வகையான பாஸ்கெட் செல் ஒன்றின் ஆக்ஸான் (சிக்னலைக் கடத்தும் இழை) ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பரந்து, தூண்டும் வகை நியூரான்களான பிரமிட் செல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தொடும். 300 மைக்ரோமீட்டர் துண்டில் அந்தப் பரப்பில் ஒரு பகுதியே மிஞ்சும். ஆகவே ‘தடுப்பு பலவீனம்’ என்று எழுதும் முன் துண்டின் தடிமனைக் கேட்க வேண்டும்.

அதற்காகத் தடிமனைக் கூட்டினால் வேறு சிக்கல். 400 மைக்ரோமீட்டரில், பல நியூரான்கள் சேர்ந்து எழுப்பும் வேகமான காமா அலைகள் நன்றாக எழும். ஆனால் கரைசலில் 95 சதவீத ஆக்ஸிஜன், 5 சதவீத கார்பன் டை ஆக்ஸைடு கலவை சரியாகக் குமிழிட்டாலும், மூழ்கும் வகை அறையில் ஓட்டம் மெதுவாக இருந்தால் நடுப்பகுதி மூச்சுத் திணறும். அலை வராத துண்டைத் தூக்கி எறியும் முன் ஓட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒற்றைச் செல்லின் மேல் கண்ணாடி நுண்குழாயை ஒட்டி எடுக்கும் பேட்ச் பதிவு மட்டுமே தேவையென்றால் இந்தத் தொல்லையே வேண்டாம், 300 போதும்.

பிக்ரோடாக்ஸின் என்ற மருந்தைச் சேர்த்துக் காபா-ஏ ஏற்பிகள் வழியான தடுப்பை நீக்கும்போது கட்டமைப்பு இன்னொரு முகத்தைக் காட்டும். சிஏ3 செல்கள் தமக்குள்ளேயே ஒன்றையொன்று தூண்டும் இணைப்புகள் கொண்டவை. தடுப்பு போனதும் வெடிப்பு அங்கே தொடங்கி சிஏ1-க்குப் பாயும். அதனால்தான் மருந்து ஊற்றும் முன்பே ஸ்கால்பெலால் சிஏ3-ஐ வெட்டிப் பிரிப்பார்கள். அதே நோக்கில் கரைசலின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தலா 4 மில்லிமோலாராக உயர்த்துவதும் வழக்கம். வெட்டு முழு ஆழத்துக்கும் இறங்காவிட்டால் எஞ்சிய சில இழைகளே வெடிப்பைக் கடத்திவிடும்.

நியூரான்கள் ஒன்றோடொன்று இணையும் சினாப்ஸ்களோடு கதை முடிவதில்லை. செல்களுக்கு வெளியே உள்ள இடைவெளி திசுவின் கனஅளவில் ஐந்தில் ஒரு பங்குதான். கரைசலின் ஆஸ்மோலாரிட்டி (கரைந்துள்ள துகள்களின் செறிவு) வழக்கமான 300 மில்லிஆஸ்மோலாரிலிருந்து கணிசமாக இறங்கினால் செல்கள் ஊதி, அந்த இடம் இன்னும் சுருங்கும். நியூரான்கள் வெளியேற்றும் பொட்டாசியம் அங்கேயே தேங்கும். அருகருகே உள்ள செல்களின் மின்புலம் ஒன்றையொன்று இழுக்கும். கால்சியத்தை எடுத்துவிட்டு சினாப்ஸ்களை முடக்கிய துண்டிலும்கூட இப்படி வலிப்பு போன்ற வெடிப்புகள் எழுவதுண்டு. எந்த மருந்தும் சேர்க்காத துண்டு தானாகத் துடித்தால், ஆஸ்மோமீட்டரில் ஒரு துளி வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.