7 மாசம், 83 அப்ளிகேஷன், கடைசியில வேலை வாங்கிக் கொடுத்த ஒரு வரி

போன வாரம் ஆஃபர் லெட்டர் வந்துச்சு. கை நடுக்கம் போறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்துட்டேன், ஏன்னா வேலைல சேர்ந்து ரெண்டு மாசம் ஓடினா இந்த வலி மறந்துடும், அப்புறம் "சிவியில என்னப்பா இருக்கு, திறமை இருந்தா போதும்"னு நானே யாருக்காவது சொல்லிடுவேன். அந்தப் பேச்சை நம்பித்தான் என்னோட முதல் 5 மாசம் போச்சு.

கணக்கைச் சொல்லிடறேன். முதல் 5 மாசத்துல 61 இடத்துக்கு அப்ளை பண்ணேன், போன் வந்தது 2. சிவியை அடியோட மாத்தி எழுதின பிறகு 22 இடம், போன் 6, இன்டர்வியூ 4, ஆஃபர் 1. அதே ஆள், அதே 4 வருஷ அனுபவம், நடுவுல புதுசா எந்த கோர்ஸும் முடிக்கல, சிபாரிசும் கிடையாது. என்னென்ன தலைப்பு போடணும், படிப்பை எங்க எழுதணும்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள நான் போகல.

நான் குடோன்ல ஸ்டாக் பார்த்தவன். பழைய சிவியில அந்த 4 வருஷத்துக்கு 5 பாயின்ட் எழுதியிருந்தேன், அஞ்சும் "ரெஸ்பான்சிபிள் ஃபார்"னு ஆரம்பிக்கும். முதல் வரி "ரெஸ்பான்சிபிள் ஃபார் ஸ்டாக் மெயின்டெனன்ஸ் அண்ட் ரிப்போர்ட்டிங்". ரொம்ப கௌரவமா இருக்குன்னு நினைச்சிருந்தேன். முன்னாடி என்கூட வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர், இப்ப வேற இடத்துல ஆள் எடுக்கிற பொறுப்புல இருக்கார், அவர்கிட்ட காட்டினேன். படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னார், "தம்பி, இது அந்த சீட்டோட வேலை. அந்த சீட்ல வேற யார் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் எழுதுவாங்க. நீ உட்கார்ந்ததால அங்க என்னடா மாறுச்சு?"

சத்தியமா எனக்குப் பதில் வரல. வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க அதையே யோசிச்சேன். அப்பதான் ஞாபகம் வந்துச்சு, வருஷக் கடைசியில ஸ்டாக் எண்ணும்போது கம்ப்யூட்டர்ல 48 பெட்டின்னு இருக்கும், ரேக்ல போய்ப் பார்த்தா 41 இருக்கும், அந்த 7 பெட்டிக்காக மூணு நாள் எல்லாரும் அலைவோம். இது தாங்காமத்தான் நான் தனியா ஒரு எக்செல் ஷீட் போட்டு, அதிகமா ஓடுற 20 ஐட்டத்தை மட்டும் வாரா வாரம் எண்ண ஆரம்பிச்சேன். யாரும் சொல்லிச் செய்யல. முதல் வருஷம் கணக்கு ஒத்துப்போகாத ஐட்டம் 140, மூணாவது வருஷம் 37. இதை நான் சிவியில எழுதவே இல்ல, எழுதுற விஷயம்னே தோணல, வேலைன்னா அப்படித்தானே செய்யணும்னு விட்டிருந்தேன்.

அந்த ஒரு வரியை 4 தடவை எழுதினேன், இதை மட்டும் பொறுமையா படிங்க.

முதல் தடவை: ஸ்டாக் மெயின்டெனன்ஸ் பொறுப்பு.
ரெண்டாவது: ஸ்டாக் வித்தியாசத்தைக் குறைச்சேன். (அண்ணன் கேட்டார், எவ்வளவு?)
மூணாவது: ஸ்டாக் வித்தியாசத்தை 70 சதவீதத்துக்கு மேல குறைச்சேன். (எதுல 70? 4 ஐட்டம் 1 ஆனாலும் அது 75 சதவீதம்தான்டா.)
நாலாவது: அதிகம் ஓடும் 20 ஐட்டங்களை வாரா வாரம் எண்ணும் முறையை ஆரம்பிச்சு, வருஷக் கடைசி எண்ணிக்கையில ஒத்துப்போகாத ஐட்டங்களை 2 வருஷத்துல 140-லிருந்து 37 ஆக்கினேன்.

இந்த நாலாவது வரிதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்துச்சு. இன்டர்வியூ போன 4 இடத்துலயும் இதைத்தான் முதல்ல கேட்டாங்க. இப்ப எடுத்திருக்கிற இடத்துல மேனேஜர் கேட்டார், "37 ஏன் பூஜ்யம் ஆகல?" நான் உள்ளதைச் சொன்னேன், திரும்பி வர்ற சரக்குக்கு என்ட்ரி லேட்டா போடுவாங்க, அது என் கைல இல்ல, மெதுவா போற ஐட்டம் என் வாராந்திர லிஸ்ட்லயே இல்லன்னு. அதுலயே கால் மணி நேரம் பேசிட்டோம். எனக்கு என்னைப் பத்திப் பெருமையா பேச வராது, கூச்சம். ஆனா 140, 37 பத்திப் பேசச் சொன்னா விடிய விடிய பேசுவேன். என்னை மாதிரி கூச்ச சுபாவக்காரங்க நம்பரைப் பிடிச்சுக்கோங்க, "ஹார்ட் வொர்க்கிங், டீம் பிளேயர், டைனமிக்" எல்லாத்தையும் அழிச்சிடுங்க. அந்த வார்த்தை எல்லாரோட சிவியிலயும் இருக்கு.

அப்புறமா தேடினப்பதான் தெரிஞ்சுது, கூகுள்ல எச்ஆர் பிரிவுக்குத் தலைமையா இருந்த லாஸ்லோ பாக் இதையே ஒரு ஃபார்முலாவா சொல்லியிருக்கார். என்ன சாதிச்சே, அதை எதை வச்சு அளக்குறே, என்ன செஞ்சு அது நடந்துச்சு, இந்த மூணும் ஒரே வரியில வரணும்.

"என் வேலைல நம்பரே இல்லையே"ன்னு கேப்பீங்க. எத்தனை பேருக்கு, எத்தனை தடவை, எவ்வளவு நேரத்துல, முன்னாடி எப்படி இப்ப எப்படி, இந்த நாலுல ஒண்ணாவது இருக்கும். ஃப்ரெஷரா இருந்தா ப்ராஜெக்ட்ல 4 பேர் இருந்தீங்கன்னா அதுல உங்க கை பட்டது எதுன்னு எழுதுங்க, "நாங்கள் உருவாக்கினோம்"னு எழுதினா நீங்க எங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு, இல்லாத நம்பரைப் போடாதீங்க, ரெண்டாவது கேள்வியிலயே மாட்டிக்குவீங்க.

அடுத்தது நோட்பேட். என் பழைய சிவி ரெண்டு காலம் (பக்கத்தை நெடுக்கா ரெண்டா பிரிச்சது) வச்ச கலர் டெம்ப்ளேட், இடது பக்கம் ஸ்கில்ஸ், ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல நட்சத்திரம், மேல ஹெட்டர்ல பேரும் போன் நம்பரும். வேர்டு ஃபைல்ல எல்லாத்தையும் செலக்ட் பண்ணி காப்பி எடுத்து நோட்பேட்ல பேஸ்ட் பண்ணிப் பார்த்தேன், பேரும் இல்ல, போன் நம்பரும் இல்ல. ஹெட்டர்ல இருக்கிறது அந்த செலக்ஷன்ல வராது. பிடிஎஃப்ல எடுத்துப் பார்த்தா இடது பக்க ஸ்கில்லும் வலது பக்க கம்பெனி பேரும் ஒரே வரியில கலந்து கிடக்கு. நம்ம சிவியை முதல்ல வாங்குற ஏடிஎஸ் சாஃப்ட்வேரும் டெக்ஸ்டைப் பிரிச்சுத்தான் படிக்குது, சிலது ஹெட்டரை விட்டுடும். 5 மாசமா என்னைக் கூப்பிட நினைச்சவங்களுக்கு என் நம்பர் போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு நினைச்சா இன்னிக்கும் வயிறு எரியுது. இந்த நோட்பேட் டெஸ்ட்டை இப்பவே பண்ணிப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை. ஒரே காலம், சாதாரண எழுத்து, அது போதும்.

ஏடிஎஸ் பத்தி ரொம்பப் பயமுறுத்துறாங்க, மெஷினே தூக்கிப் போட்டுடும்னு. பெரும்பாலும் அது சிவியை வாங்கி வச்சுக்கும், ரெக்ரூட்டர் அதுல வார்த்தை போட்டுத் தேடுவாங்க. தானா ரிஜெக்ட் ஆகுறது அதிகமா அப்ளிகேஷன் ஃபார்ம்ல கேக்குற கேள்வியாலதான், இத்தனை வருஷ அனுபவம் இருக்கா, அங்க வேலை பார்க்க அனுமதி இருக்கா, அந்த மாதிரி. அதை அவசரமா டிக் பண்ணாதீங்க. வெள்ளை எழுத்துல கண்ணுக்குத் தெரியாம கீவேர்டு திணிக்கிறதையும் விட்டுடுங்க, டெக்ஸ்ட்டா பிரிச்சதும் அது பளிச்சுன்னு தெரியும்.

தேடுறாங்கன்னு சொன்னேன்ல, அங்கதான் இன்னொரு அடி வாங்கினேன். நான் "ஸ்டாக் மெயின்டெனன்ஸ்"னு எழுதியிருந்தேன், பாதி ஜேடியில (கம்பெனி கொடுக்கிற வேலை விவரம்) இருந்தது "இன்வென்டரி கன்ட்ரோல்". அதே வேலைதான், ஆனா அவங்க வார்த்தையைப் போட்டுத் தேடினா நான் வரமாட்டேன். அதனால ஜேடியைப் பக்கத்துல திறந்து வச்சுக்கிட்டு, நிஜமாவே நீங்க செஞ்ச வேலைக்கு அவங்க வார்த்தையையே போடுங்க. லியொனார்டோ டாவின்சி 1482 வாக்குல மிலான் ஆட்சியாளருக்கு வேலை கேட்டு எழுதின கடிதம் ஒண்ணு இருக்கு. அதுல தூக்கிட்டுப் போற மாதிரி பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன்னு போர் விஷயத்தையே வரிசையா சொல்லிட்டு, ஓவியம் வரைவேங்கிறதைக் கடைசியிலதான் சொல்றார். படிக்கிறவருக்கு அப்ப எது தேவையோ அது மேல. இதைப் படிச்சதும் என் கம்ப்யூட்டர் சர்டிஃபிகேட்டை எல்லாம் கீழ தள்ளிட்டு அந்த 140, 37 வரியை முதல் பக்கத்துல மேல கொண்டு வந்தேன்.

மத்ததெல்லாம் சுருக்கமா:

- புது ஆளுக்கு 1 பக்கம், அனுபவம் உள்ளவங்களுக்கு 2. ரிசர்ச், டீச்சிங் பக்கம் போறவங்களுக்கு இது பொருந்தாது, பப்ளிகேஷன் லிஸ்ட்டே நீளும்.
- கடைசியா பார்த்த வேலை முதல்ல.
- ஆப்ஜெக்டிவ் (என்ன மாதிரி வேலை வேணும்னு மேல எழுதுற வரி) வேண்டாம். வேணும்னா ரெண்டு வரி சம்மரி.
- ஸ்கில்லுக்கு நட்சத்திரம், சதவீதம் வேண்டாம். எக்செல் 80 சதவீதம்னா என்ன அர்த்தம்? பைவட் டேபிள் போடுவேன்னு எழுதுங்க.
- எழுத்து அளவு 10-லிருந்து 12-க்குள்ள.
- போட்டோ, பிறந்த தேதி, கல்யாணம் ஆச்சா இல்லையா இதெல்லாம் அமெரிக்கா, பிரிட்டன்ல போடக்கூடாதுன்னுதான் சொல்றாங்க. ஜெர்மனியில போட்டோ வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கு. போற இடத்தைப் பார்த்துக்கோங்க.
- ஃபைல் பேரு "சிவி ஃபைனல் புதுசு 3" வேண்டாம், உங்க பேரும் வேலை பேரும் இருக்கட்டும்.
- வேற ஒருத்தரை சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. நம்ம கண்ணுக்கு நம்ம ஸ்பெல்லிங் தப்பு தெரியாது, நான் "மேனேஜர்"லயே ஒரு எழுத்தை விட்டிருந்தேன்.

கேப், அதாவது வேலை இல்லாம இருந்த இடைவெளி, அதைப் பத்தி ஒரு வார்த்தை. நான் 7 மாசம் சும்மா இருந்ததை மறைக்க மாசத்தை எடுத்துட்டு வருஷத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன். ஒரு இடத்துல அதைப் பிடிச்சுக்கிட்டு, "ஏன் மாசம் இல்ல?"ன்னு அதையே தோண்டினாங்க, அதுக்கப்புறம் பேச்சு வேற எங்கயும் போகல. அப்புறம் மாசத்தைப் போட்டேன். மத்த மூணு இடத்துல ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, வேலை தேடிட்டிருந்தேன்னு சொன்னேன், தாண்டிப் போயிட்டாங்க.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். 140, 37 என்கிட்ட இருந்ததே என் டைரியில கிறுக்கி வச்சிருந்ததால. வேலையை விட்ட அன்னிக்கே ஆபீஸ் மெயில் மூடிடுச்சு, டைரி இல்லன்னா அந்த வரியே கிடையாது. கம்பெனி ரகசியத்தை எடுத்துட்டு வரச் சொல்லல, நீங்க செஞ்ச வேலையோட கணக்கை மாசம் ஒரு தடவை ரெண்டு வரி உங்க நோட்டுல எழுதி வைங்க.

வர்ற திங்கக்கிழமை ஜாயினிங். போன வருஷக் கடைசி எண்ணிக்கையில எத்தனை ஐட்டம் ஒத்துப்போகலன்னு மேனேஜர்கிட்ட இப்பவே கேட்டு வாங்கிட்டேன், 212. புது டைரியில முதல் பக்கத்துல எழுதியாச்சு.