எந்தப் பல்?

லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸில் எனக்கு இது மூன்றாவது குளிர்காலம். எல்லாம் பழகிவிட்டது என்றுதான் அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜனவரியில் ஒரு நாள் காலை, நெரிஸ் ஆற்றுப் பாலத்தில் நடக்கும்போது வாய் திறந்து மூச்சு விட்டேன். கடைவாய்ப் பல்லில் ஊசி இறங்கியது. நேரே பல் மருத்துவரிடம் போனேன்.

அவர் குனிந்து கேட்ட முதல் கேள்வி: "குரிஸ் தந்திஸ்?"

வலியை மறந்து நிமிர்ந்துவிட்டேன். குரிஸ் என்றால் 'எந்த' என்று தெரியும். தந்திஸ் என்ற சொல்லை நான் இன்னும் படிக்கவே இல்லை, ஆனாலும் புரிந்தது. தாத்தா தினமும் பிள்ளையார் முன்னால் சொல்லும் 'ஏகதந்தாய நம' காதில் ஒலித்தது. தந்தம்! நமக்கு அது யானையோடு நின்றுவிட்டது. இங்கே எல்லார் வாயிலும் தந்தம்.

அவர் வைத்து அடைத்த மருந்தில் கிராம்பு வாசனை. சின்ன வயதில் பல் வலித்தால் அம்மா ராத்திரியில் எழுந்து கிராம்பை நசுக்கி வைப்பாள். நான் தூங்கும்வரை கன்னத்தை உள்ளங்கையில் தாங்கியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். சமஸ்கிருத தந்த, லத்தீன் தென்ஸ், லிதுவேனிய தந்திஸ் மூன்றும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. இந்த மொழியில் ஏழு வேற்றுமை, கடைசியில் நம்மைப் போலவே விளி. தந்திஸ் மாதிரி உருபேற்கும் சொற்கள் பெரும்பாலும் பெண்பால்: நெருப்பு உக்னிஸ், இரவு நக்திஸ், கண் அகிஸ். ஆண்பாலாக நிற்கும் சிலவற்றில் தந்திஸும் ஒன்று. பல்லின் என்றால் தந்தியெஸ், பற்கள் என்றால் தந்தீஸ்.

சரி, அதெல்லாம் இலக்கணம். என்னை உலுக்கியது ஒரு சின்ன வாக்கியம்தான்: 'மன் ஸ்கௌதா தந்தீ.' மன் என்றால் 'எனக்கு'. பல்லை மட்டும் இரண்டாம் வேற்றுமையில் வைக்கிறார்கள், மற்றபடி அப்படியே 'எனக்குப் பல் வலிக்கிறது'. தந்தம் நமக்கு வடமொழி வழியே வந்தது. வலியை 'எனக்கு' என்று சொல்வது நம்முடையது. தமிழோடு எந்த உறவும் இல்லாத இந்த மொழியும் அதை அப்படியே சொல்கிறது! வந்த நாளிலிருந்து இந்த ஊர் இவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை.

ராத்திரி மரமரப்பு இறங்கி மறுபடி வலி எடுத்தது. ஊரில் நள்ளிரவு நெருங்கியிருக்கும். முதல் ரிங்கிலேயே அம்மா எடுத்தாள்.

"அம்மா, எனக்குப் பல் வலிக்குது."

"எந்தப் பல்லுடா?"