அந்தத் துணியை அலசிவிடாதீர்கள்

காரைக்குடி பக்கத்துக் கிராமங்களில் இருபது வருடமாகச் செவிலியராக வீடு வீடாகப் போகிறேன். "நர்ஸம்மா, பிள்ளை மலத்துல ரத்தம்" என்று போன் வந்தால் நான் முதலில் சொல்வது, துணியை அலசாதீங்க என்பதுதான். அதற்குள் பின்கட்டுக் கிணற்றடியில் அலசிக் காயப்போட்டிருப்பார்கள்.

பார்த்தால்தானே தெரியும். இறுகிய மலத்தின் மேல் நூல் போலச் சிவப்புக் கோடு என்றால் பெரும்பாலும் ஆசனவாயில் சின்ன வெடிப்பு. காய்ச்சலும் பேதியும் சேர்ந்திருந்தால் சீதபேதியாக இருக்கலாம். தாயின் மார்புக்காம்பு வெடித்து, அந்த ரத்தத்தைப் பிள்ளை விழுங்கியும் கருப்பாகப் போகும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை, எடை ஏறுகிறது, முகத்தில் சிரிப்பு, ஆனால் சளியோடு புள்ளி புள்ளியாக ரத்தம் என்றால் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், தாய் குடிக்கிற பால் வழியாகவே அது போகும். பால் ஊறணும் என்று வேளைக்கு ஒரு டம்ளர் காய்ச்சிக் கொடுக்கிற ஆச்சிகளிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கும். டாக்டர் சொல்லி, தாய் பாலும் தயிரும் நிறுத்தினால், பெரும்பாலும் 2 வாரத்துக்குள் ரத்தம் நின்றுவிடும். பிறந்து சில நாளே ஆன பிள்ளை என்றால் எதையும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குத்தான்.

நான் மறக்காதது ஒரு 8 மாதப் பையனை. வீட்டு நடுமுற்றத்து வளவில் ஆத்தங்குடிக் கல் தரை மேல் பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள். ஆச்சி வசம்பு உரைத்துக்கொண்டிருந்தார். "மாந்தம் ஆத்தா, சரியாப் போயிரும்." கால் மணிக்கு ஒருமுறை காலை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழுதான், அப்புறம் துவண்டு, வெளுத்துப்போய், கூப்பிட்டாலும் திரும்பாமல் கிடந்தான். பச்சையாக வாந்தி. என் கண் முன்னாலேயே சிவப்பு ஜாம் போலச் சளியும் ரத்தமுமாகப் போனான்.

"ஆச்சி, வாயில ஒண்ணும் குடுக்காதீங்க, காரை எடுக்கச் சொல்லுங்க."

குடலுக்குள் குடல் சொருகியிருந்தது, மதுரையில் ஸ்கேனில் தெரிந்தது. நேரம் போனால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று குடலே அழுகிவிடும். நல்லவேளை, ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்தியே சரிசெய்துவிட்டார்கள், ஆபரேஷன் தேவைப்படவில்லை.

போகிற வழியில், காரில் வைத்துத்தான் பையனின் தாய் சொன்னாள்: "விடியக்காலையிலேயே ஒரு துணி சிவப்பா இருந்துச்சுக்கா. நேத்து ஊட்டின பீட்ரூட்டுன்னு நெனைச்சு அலசிட்டேன்." அப்போது மணி மதியம் இரண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.