நவூருவின் ஹேமர் டிரோபர்ட்: சில நாட்குறிப்புகள்

ஜனவரி 31

இன்று பசிபிக் பெருங்கடலின் சின்னஞ்சிறு தீவு நாடான நவூருவின் சுதந்திர தினம். 1968 இல் இந்த நாளையே தேர்ந்தெடுத்ததற்கு வலுவான காரணம் இருந்தது. போர்க்காலத்தில், 1943 இல், ஜப்பானியப் படை அந்தத் தீவின் மக்களில் ஏறத்தாழ 1,200 பேரைக் கட்டாய வேலைக்காக அதே பெருங்கடலில் உள்ள ட்ரக் தீவுகளுக்குக் கொண்டுபோனது. பசிக்கும் நோய்க்கும் குண்டுவீச்சுக்கும் பலியானவர்கள் போக, 737 பேர் 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பினார்கள். ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில் படித்துவிட்டு வந்து ஆசிரியராகப் பணியாற்றிய ஹேமர் டிரோபர்ட்டும் ட்ரக்கில் அந்தத் துயரத்தை அனுபவித்தவர். பின்னாளில் நாட்டின் முதல் அதிபரான அவரைப் புரிந்துகொள்ள இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 3

அவரது அரசியல் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்ப்பது கர்டிஸ் தீவு விவகாரம். உரம் தயாரிக்க உதவும் பாஸ்பேட்டை வெட்டியெடுத்தே 21 சதுர கிலோமீட்டர் தீவின் நடுமேடு பாழாகிவிடும் என்பது தெரிந்ததும், அம்மக்களைக் குவீன்ஸ்லாந்துக் கரையோரம் உள்ள கர்டிஸ் தீவில் குடியேற்றலாம் என்று ஆஸ்திரேலியா முன்வந்தது. 1956 முதல் தலைமைத் தலைவராக இருந்த டிரோபர்ட் தீவை அல்ல, நிபந்தனையைத்தான் ஆராய்ந்தார். புதிய இடத்தில் தம் மக்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் ஓர் இனமாக இருப்பார்களா, அல்லது ஆஸ்திரேலியக் குடிமக்களாகக் கரைந்துபோவார்களா என்பதே அவருடைய கேள்வி. இறையாண்மையை விட்டுக்கொடுக்க ஆஸ்திரேலியா இசையாததால், 1964 இல் நவூருவர்கள் அந்தத் திட்டத்தை நிராகரித்தார்கள். சில ஆயிரம் பேர் மட்டுமே கொண்ட ஒரு சமூகம், தன்னை ஆளும் நாட்டிடம் இப்படி மறுத்துப் பேசியது சாதாரண காரியமல்ல. அந்த மறுப்பு முற்றிலும் சரி என்பதே என் கருத்து.

பிப்ரவரி 4

1967 இல் பாஸ்பேட் தொழிலை பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து நடத்திய ஆணையத்திடமிருந்து 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு விலைக்கு வாங்க ஒப்பந்தம் ஆனது. 1970 இல் தொழில் நவூருவின் கைக்கு வந்தது.

பிப்ரவரி 8

புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் அது நேர்மையாகாது. விடுதலைக்குப் பின்னும் சுரங்கம் நிற்கவில்லை. பாஸ்பேட் வருமானத்தால் தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசைக்கு வந்த அந்நாடு, மெல்போர்னில் 52 மாடி நவூரு ஹவுஸை எழுப்பியது. சொந்த விமான நிறுவனத்தையும் நடத்தியது. ஆனால் மண்ணும் பாஸ்பேட்டும் போன நடுமேட்டில், ஆளுயரத்துக்கும் மேலாக நிற்கும் கூரிய சுண்ணாம்புப் பாறைகள்தாம் மிஞ்சின. அவற்றுக்கு இடையே பயிரிடவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது. இடம்பெயர மறுத்து மண்ணைக் காத்தவரின் ஆட்சியிலேயே அந்த மண் தொடர்ந்து கப்பலேறியது என்பது எனக்குப் பெரும் வருத்தமாக இருக்கிறது. வேறு வருமானம் இல்லாத நாட்டுக்கு அன்று வேறு வழி எளிதாக இருந்திராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 11

1976 இல் பெர்னார்ட் டோவியோகோவிடம் பதவியை இழந்து, 1978 இல் மீண்டு வந்தவர், வெட்டப்பட்ட நிலத்தின் சீரமைப்பை ஆராய 1986 இல் ஓர் ஆணையம் அமைத்தார். அதன் தலைவர் இலங்கையின் சட்ட அறிஞர் கிறிஸ்டோபர் வீரமந்திரி. விடுதலைக்கு முன் பாழாக்கப்பட்ட நிலத்துக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வியோடு, 1989 மே மாதம் நவூரு சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் டிரோபர்ட் பதவி இழந்தார். ஆனாலும் வழக்கு நின்றுவிடவில்லை: 1992 ஜூன் 26 அன்று நீதிமன்றம் ஆஸ்திரேலியாவின் முக்கிய ஆட்சேபங்களைத் தள்ளி, வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, ஜூலை 15 அன்று, டிரோபர்ட் மெல்போர்னில் காலமானார். 1993 இல் ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. அடுத்து வீரமந்திரி ஆணையத்தின் அறிக்கையைப் படிக்கப் போகிறேன்.